ஒளியைத் துரத்தியவர்கள் – 17: கடல் வைத்த கெடு

சென்ற இதழில்: 1882-இல் யூனியன் ஜெனரால் வங்கி திவாலானது. இம்ப்ரெஷனிஸ்டுகளின் படங்களை வாங்கிக் குவித்திருந்த வியாபாரி போல் தியூரான்-ருவெல் கடனில் சிக்கினார். அவர் தரும் முன்பணத்தை நம்பிக் குடும்பம் நடத்திய ஓவியர்களுக்கு வயிற்றில் புளி கரைந்தது. அவர்களில் ஒருவர் க்ளோத் மொனே.

1885 நவம்பர் 27. வடமேற்கு பிரான்சில் நார்மண்டிக் கடற்கரை. எத்ரத்தா என்ற சிற்றூரைத் தாண்டிய ஒரு கூழாங்கல் கரையில், செங்குத்துப் பாறையின் மறைவில், நாற்பத்தைந்து வயது மனிதர் ஒருவர் நின்று வரைந்துகொண்டிருந்தார். எதிரே மான்போர்த் என்னும் பிரம்மாண்டமான பாறை வளைவு. சில அடி தூரத்தில் அலைகள் வந்து விழுந்துகொண்டிருந்தன. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. கடல் வடிந்துகொண்டிருக்கிறது என்பது அவர் போட்ட கணக்கு.

கணக்கு தப்பு. கடல் ஏறிக்கொண்டிருந்தது. பெரிய அலை ஒன்று வந்து அவரைத் தூக்கிப் பாறையில் அடித்து, திரும்பும்போது இழுத்துக்கொண்டும் போனது. கதை முடிந்தது என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு எப்படியோ கைகளையும் கால்களையும் ஊன்றித் தவழ்ந்து கரையேறினார். பூட்ஸ், கனத்த காலுறை, மேல்கோட்டு எல்லாம் நனைந்து கனத்தன. கையில் இறுகப் பிடித்திருந்த வண்ணத்தட்டு முகத்தில் மோதியதில் தாடியெல்லாம் நீலமும் மஞ்சளும். ஓவியத் தாங்கியும் பையும் வரைந்துகொண்டிருந்த படமும் கடலோடு போயின. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அலைகள் அவற்றைச் சுக்குநூறாக்கின.

தன்னோடு வாழ்ந்துவந்த ஆலிஸ் ஓஷதேவுக்கு எழுதிய கடிதத்தில் மொனே இவ்வளவையும் சொல்லியிருக்கிறார். உன்னை இனிப் பார்க்காமலே போயிருப்பேன் என்ற நடுக்கம் அதில் இருக்கிறது. படம் போனதே என்ற ஆற்றாமை அதற்குச் சற்றும் குறைந்ததாக இல்லை.

கலைக்காக உயிரையே பணயம் வைத்த மேதை என்று இந்தச் சம்பவத்தைச் சொல்வது வழக்கம். எனக்கு இதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. பொழுதின் ஒவ்வொரு அசைவையும் கவனிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவர், அன்று நேரத்தைத் தப்பாகக் கணித்தார். எத்ரத்தாவில் மொனே வரைந்த படங்களின் கதை முழுவதும் நேரத்தோடு அவர் போட்ட மல்லுக்கட்டின் கதைதான். பின்னாளில் அவரை உலகப் புகழுக்குக் கொண்டுபோன முறை இந்த மல்லுக்கட்டில்தான் உருப்பெற்றது.

*

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம்.

எத்ரத்தாவின் பாறைகள் வெண்சுண்ணாம்பால் ஆனவை. ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன் வெதுவெதுப்பான கடலடியில் படிந்த நுண்ணுயிர் ஓடுகள் இறுகி உருவானவை. அந்த வெள்ளைக்கு நடுவே சிக்கிமுக்கிக் கல் கருப்பு வரிகளாகப் படிந்து, சுவருக்குக் குறுக்கே கோடு இழுத்ததுபோல் ஓடுகிறது. மென்மையான சுண்ணாம்பைக் கடலும் நிலத்தடி நீரும் கரைக்கக் கரைக்க, பாறையில் வாசல்கள் திறந்தன. ஊருக்கு வடகிழக்கே தமோன் வளைவு. தென்மேற்கே தவால் வளைவு. துதிக்கையைக் கடலில் விட்ட யானை என்று அதை வர்ணிக்காதவர்கள் குறைவு. அதன் அருகே நீரிலிருந்து தனியே எழுந்து நிற்கிறது ‘ஊசி’ என்ற கூரிய பாறை. தவால் வளைவையும் தாண்டிப் போனால் மூன்றாவது வாசல். அதுதான் மூன்றிலும் பெரிய மான்போர்த்.

மான்போர்த்தின் அடிக்குப் போவது எளிதல்ல. பாறை உச்சியிலிருந்து செங்குத்தான பாதையில் இறங்க வேண்டும்; அல்லது கடல் வற்றியிருக்கும் நேரத்தில் கரையோடு நடந்து, தவால் பாறையைக் குடைந்துசெல்லும் குகை வழியாக அப்பால் போக வேண்டும். எந்த வழியில் போனாலும், நீர் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். இங்கிலீஷ் கால்வாயின் இந்தப் பகுதியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் ஏழெட்டு மீட்டர்கூட வேறுபடும். இரண்டு மாடி வீட்டை மூழ்கடிக்கும் உயரம் அது.

இதோடு வெயிலின் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கரை வடமேற்கு நோக்கியது. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே தாழ்ந்து போகும். காலை முழுக்கப் பாறை முகம் தன் நிழலிலேயே கிடக்கும். பிற்பகலில்தான் வெயில் சாய்வாக வந்து விளிம்புகளைத் தொடும், வளைவின் உட்புறத்தில் நுழையும். அதுவும் கொஞ்ச நேரத்துக்கு, மேகம் விட்டுக்கொடுத்தால்.

ஓவியருக்குச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வெளிச்சம் சூரியனின் கையில், நிற்கும் இடம் சந்திரனின் கையில். கடலின் ஏற்றமும் வற்றமும் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். இன்று மூன்று மணி வெயிலில் நீர் வற்றியிருந்தால், நாளை அதே வெயிலில் நீர் வேறொரு மட்டத்தில் இருக்கும். அதே நேரத்தில் அதே வற்றம் மறுபடி அமைய இரண்டு வாரம் ஆகும். அதற்குள் சூரியனின் பாதையும் நகர்ந்துவிடும். அன்றைக்கு மழை பெய்தால் அதுவும் போச்சு.

*

எத்ரத்தா மொனேவுக்குப் புது ஊர் அல்ல. அவர் வளர்ந்த லெ ஆவ்ர் துறைமுகம் இங்கிருந்து முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. பதின்வயதில் கேலிச்சித்திரம் வரைந்துகொண்டிருந்த மொனேவை வெட்டவெளிக்கு அழைத்துப்போய் வானத்தைப் பார்க்கவைத்த யூஜேன் பூதேனை இத்தொடரின் தொடக்கத்தில் சந்தித்தோம். அது நடந்ததும் இந்தப் பகுதியில்தான். 1868-69 குளிர்காலத்தைக் காதலி கமிலோடும் கைக்குழந்தை ழானோடும் மொனே எத்ரத்தாவில் கழித்தார். பனி மூடிய வேலிப்படல்மேல் ஒரு பறவை உட்கார்ந்திருக்கும் ‘லா பீ’ அந்தக் குளிர்காலத்துப் படம். பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோன் 1869-இல் அதை நிராகரித்தது.

பதினான்கு ஆண்டு கழித்து, 1883 ஜனவரிக் கடைசியில் அவர் மீண்டும் வந்தபோது கமில் உயிரோடு இல்லை, 1879-இலேயே இறந்துவிட்டார். திவாலான புரவலர் எர்னெஸ்ட் ஓஷதேயின் மனைவி ஆலிஸ், தன் ஆறு பிள்ளைகளோடு புவாசியில் மொனேவின் வீட்டில் இருந்தார். கணவர் உயிரோடு இருக்க, ஊர் வாய்க்கு அது நல்ல தீனி. பத்துப் பேர் உண்ணும் வீட்டுக்கு வருமானம் தியூரான்-ருவெலிடமிருந்து வர வேண்டும். அந்த மார்ச் மாதம் மொனேவுக்குத் தனிக் கண்காட்சி நடத்தவும் தியூரான்-ருவெல் ஏற்பாடு செய்திருந்தார். ஆக, கடலும் சூரியனும் வைத்த கெடுவோடு கடன்காரர்களின் கெடுவும் சேர்ந்துகொண்டது.

கடற்கரையை ஒட்டிய பிளான்கே விடுதியில் தங்கினார். மழை பெய்தால் விடுதி ஜன்னலிலிருந்தே வரையலாம். இப்போது லியோன் அருங்காட்சியகத்தில் இருக்கும் கொந்தளிக்கும் கடல் படத்தில் அலைகளுக்கு முன்னால் மீனவர்கள் நிற்கிறார்கள். பக்கத்தில் கூரை வேய்ந்த பழைய படகுகள். கடலுக்குப் போக உதவாத படகுகளைக் கரையேற்றி, மேலே கூரை போட்டு, வலையும் கயிறும் வைக்கும் கிடங்காக்கிக்கொள்வது இவ்வூர் மீனவர்களின் வழக்கம்.

ஆனால் மொனேவின் மனத்தில் உட்கார்ந்து உறுத்திக்கொண்டிருந்தவர் இன்னொரு ஓவியர். குஸ்தாவ் கூர்பே 1869-இல் இங்கே வந்து வரைந்த ‘புயலுக்குப் பின் எத்ரத்தா பாறை’ 1870 சலோனில் பெரும் வரவேற்பு பெற்றது. கூர்பே இறந்து ஐந்தாண்டுகள்தான் ஆகியிருந்தன. 1882-இல் பாரிஸில் அவருடைய படங்களை ஒன்றுசேர்த்துப் பெரிய கண்காட்சி நடந்திருந்தது. அவர் அவ்வளவு நன்றாகச் செய்துவிட்ட பாறையை நான் எடுப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான், ஆனாலும் வேறு மாதிரி செய்துபார்க்கிறேன் என்ற கருத்தில் மொனே ஆலிஸுக்கு எழுதினார்.

அந்த ‘வேறு மாதிரி’ என்ன? கூர்பேயின் பாறைக்கு எடை உண்டு. வண்ணத்தைக் கத்தியால் அப்பி, கல்லைக் கல்லாகவே எழுப்பியிருப்பார். புயல் ஓய்ந்து கழுவிவிட்டாற்போன்ற காற்றில் அது என்றைக்கும் அங்கேயே நிற்கும் என்று தோன்றும். மொனே 1883-இல் வரைந்த மான்போர்த்தை நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். வளைவின் கீழே எறும்பளவில் இரண்டு மனித உருவங்கள் இருப்பதால்தான் பாறையின் உயரம் நமக்கு உறைக்கிறது. அந்த இரண்டு உருவங்களையும் விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள். எஞ்சுவது நீலமும் ஊதாவும் ரோஜாவுமாக நெருங்கி விழுந்த தீற்றல்கள். உள்வளைவில் மட்டும் வெயிலின் பொன். வெண்சுண்ணாம்புப் பாறையில் வெள்ளையைத் தேட வேண்டியிருக்கிறது. வெள்ளைப் பரப்பு எதிரில் இருக்கும் எதையும் வாங்கித் திருப்பித் தரும். நிழலில் வானத்தின் நீலத்தையும், கீழ்ப்பகுதியில் நீரின் பச்சையையும், மாலையில் அடிவானத்தின் சிவப்பையும் அது வாங்கிக்கொள்கிறது. கூர்பேக்குப் பாறை என்பது பொருள். மொனேவுக்கு அது வெளிச்சம் வந்து விழும் திரை. தமோன், தவால், மான்போர்த் என்று அந்த மூன்று வாரங்களில் சுமார் இருபது காட்சிகளைத் தொடங்கிவிட்டார்.

அவற்றில் ஒன்றுக்குத் தனிக் கதை உண்டு. அமெரிக்காவின் வட கரோலினா கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘எத்ரத்தா, சூரிய அஸ்தமனம்’. தவால் பாறையின் கரிய உருவம், பின்னால் தலைகாட்டும் ஊசி, பக்கத்தில் இறங்கும் சிவந்த வட்டம். அந்தப் பயணத்துப் படங்களில் சூரியன் முழு வட்டமாகத் தெரிவது இதில்தான். டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்து வானியலாளர் டொனால்ட் ஓல்சனின் குழு எத்ரத்தாவுக்கே போய், பாறையும் ஊசியும் படத்தில் உள்ளபடி அமையும் இடத்தைக் கரையில் கண்டுபிடித்தது. அங்கிருந்து பார்த்தால் சூரியன் அந்தப் புள்ளியில் இறங்கியிருக்கக்கூடிய நாள்கள் 1883 பிப்ரவரி 3 முதல் 7 வரை. மொனேவின் கடிதங்கள், அன்றைய வானிலை, கடலின் ஏற்ற இறக்கம் ஆகியவற்றை வைத்து ஒவ்வொரு நாளாகக் கழித்தார்கள். மிஞ்சியது பிப்ரவரி 5, மாலை 4 மணி 53 நிமிடம். 2014-இல் இந்த முடிவு வெளியாயிற்று.

அழகான துப்பறிதல்தான். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. 4.53 என்பது சூரியன் அங்கே நின்ற நிமிடம். படம் முடிந்த நிமிடம் அது அல்ல. எண்ணெய் வண்ணம் ஒரு நிமிடத்தில் காயாது. ஒரு மாலையில் அத்தனை அடுக்குகள் ஏறாது. இம்ப்ரெஷனிஸ்ட் படத்துக்கு இரண்டு வயது உண்டு. கண் பார்த்த கணம் ஒன்று. கை உழைத்த வாரங்கள் இன்னொன்று. முதலாவதை நம்பவைப்பதற்காகத்தான் இரண்டாவது.

1883 மார்ச்சில் கண்காட்சி நடந்தது. விற்பனை படுத்துவிட்டது. அடுத்த மாதமே குடும்பம் ஜிவர்னி கிராமத்துக்குக் குடிபெயர்ந்தது. மூட்டை முடிச்சை அவிழ்ப்பதற்குள் எடுவார் மனே இறந்த செய்தி வர, மொனே சவப்பெட்டியைத் தாங்க பாரிஸுக்கு ஓடினார். இதை ஏற்கெனவே பார்த்தோம்.

*

1885 செப்டம்பரில் குடும்பத்தோடு மறுபடி எத்ரத்தா. ஓபரா பாடகரும் படச் சேகரிப்பாளருமான ழான்-பாப்தீஸ்த் ஃபோர் அங்கிருந்த தன் வீடொன்றைக் கொடுத்திருந்தார். அக்டோபரில் ஆலிஸும் பிள்ளைகளும் ஜிவர்னிக்குத் திரும்ப, மொனே மட்டும் பிளான்கே விடுதிக்கு மாறி டிசம்பர் வரை இருந்தார்.

இந்த முறை அவரைக் கவனிக்க ஒரு கூர்மையான கண் இருந்தது. சிறுகதை மன்னர் கீ த மாப்பசான் சிறுவயதைக் கழித்த ஊர் இது. எழுதிச் சம்பாதித்த காசில் ‘லா கீயெத்’ என்று இங்கே வீடும் கட்டியிருந்தார். மொனேவின் பின்னாலேயே நடந்து பார்த்ததை 1886 செப்டம்பர் 28 அன்று ‘ழில் பிளா’ நாளிதழில் எழுதினார். ஓவியர் என்பதைவிட வேட்டைக்காரர் என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கிறது. மொனே முன்னே போவார். ஐந்தாறு கேன்வாஸ்களைச் சுமந்தபடி பிள்ளைகள் பின்னே போவார்கள். எல்லாவற்றிலும் ஒரே காட்சி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பொழுது. வானம் மாறியதும் கையிலிருப்பதை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். மேகம் விலகினால் மறுபடி முந்தையது.

மாப்பசான் பார்த்தது ஒரு தொழில்முறை பிறக்கும் நேரத்தை. மேலே சொன்ன சூரிய-சந்திரக் கணக்கை நினைத்துக்கொண்டால் அதன் தேவை புரியும். ஒரு கேன்வாஸோடு போகிறவர், வெளிச்சம் மாறியதும் ஒன்று படத்தைக் கெடுப்பார் அல்லது சும்மா உட்கார்ந்திருப்பார். ஆறு கேன்வாஸோடு போகிறவருக்கு எந்த வெளிச்சமும் வீணில்லை. மாறும் வானம் எதிரியாக இருந்தது. இப்போது அது ஆறு படங்களுக்குக் கூலியில்லாமல் மாதிரி காட்டும் உதவியாளர். வறுமையும் இதற்கு உடன்பட்டது. ஒரே இடத்தில் நின்று பல படங்கள் கொண்டுவந்தால், விற்பதற்கும் சரக்கு கூடும்.

இதற்கும் விலை உண்டு. பாதியில் நிற்கும் படங்கள் பெருகும். அந்த வெளிச்சம் திரும்பி வராவிட்டால் அவை பாதியிலேயே நிற்கும். வானிலையைத் திட்டி ஆலிஸுக்கு எழுதிய கடிதங்களுக்குக் காரணம் இதுதான். தொடங்கிய பலவற்றை ஜிவர்னிக்குக் கொண்டுபோய் அங்கே வைத்து முடித்தார். மெட்ரோபாலிடனில் உள்ள இன்னொரு மான்போர்த்தில் 1886 என்று தேதி இருக்கிறது. நிமிர்ந்த வடிவம், வளைவு முந்தைய படத்தைவிட நெருங்கிவந்து கேன்வாஸை நிறைக்கிறது, மனிதர்கள் யாரும் இல்லை. அலையும் பாறையும் ஒரே விதமான தீற்றல்களால் ஆனவை. எது நீர், எது கல் என்பதை நிறம்தான் சொல்கிறது.

*

மனிதர்கள் இல்லாததைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இந்தப் படங்களைப் பார்ப்பவர்களுக்கு எத்ரத்தா ஏதோ ஆளரவமற்ற கரை என்று தோன்றும். உண்மை வேறு. 1830-களிலேயே அல்ஃபோன்ஸ் கார் என்ற எழுத்தாளர் இந்த ஊரைப் பாரிஸ்காரர்களுக்கு அறிமுகப்படுத்திவிட்டார். 1850-களில் கசினோ வந்தது. இசையமைப்பாளர் ஒஃபன்பாக் மாளிகை கட்டிக் குடியேறினார். கோடையில் குளியல் உடை, குடை, குதிரை வண்டி என்று கரை திமிறும். வளைவுகளின் புகைப்படங்கள் வழிகாட்டி நூல்களோடு விற்றன. மொனே தங்கிய விடுதியும், ஃபோர் தந்த வீடும்கூட இந்தச் சுற்றுலா கொண்டுவந்த வசதிகள்தான்.

அவர் அதையெல்லாம் படத்துக்கு வெளியே நிறுத்தினார். கூட்டம் கலைந்த பின் வந்தார். கசினோவுக்கு முதுகைக் காட்டி நின்றார். இது ஏமாற்று என்று சிலர் சொல்லலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் ‘கண்ணில் பட்டதை அப்படியே வரைந்தவர்’ என்று பாடநூல்கள் சொல்வதை இனி நம்ப முடியாது. எங்கே நிற்பது, எந்த மாதத்தில் வருவது, எதைப் பார்க்க மறுப்பது என்பதெல்லாம் தூரிகையைத் தொடும் முன்பே எடுத்த முடிவுகள். படங்களை வாங்கப்போகிற பாரிஸ் நகரத்தாருக்கு வேண்டியிருந்ததும், தாங்களே கூட்டமாக வந்து நிறைத்துவிட்ட அந்தக் கரையின் பழைய தனிமைதான்.

இம்ப்ரெஷனிஸ்டுகளைப் பற்றி 1874 முதல் ஓயாமல் வந்த குற்றச்சாட்டு, இவர்கள் அவசரக்காரர்கள், முடிக்காத படத்தைச் சட்டமடித்து விற்கிறார்கள் என்பது. எத்ரத்தாவின் மூன்று குளிர்காலங்கள் அதற்கு நல்ல பதில். அவசரம் மொனேவுடையது அல்ல, வெளிச்சத்துடையது. அதற்கு ஈடுகொடுக்க அவர் கற்றுக்கொண்டது நிதானத்தை: ஓத அட்டவணை, வரிசையாக கேன்வாஸ்கள், திரும்பத் திரும்ப அதே இடம், வீட்டில் மாதக்கணக்கில் திருத்தம். 1891-இல் தியூரான்-ருவெலின் கூடத்தில் வைக்கோற்போர்கள் பதினைந்தை ஒன்றாகத் தொங்கவிட்டபோது, ஒரே பொருளைப் பல பொழுதுகளில் வரைவது புதுமை என்று பாரிஸ் வியந்தது. ஐந்தாறு ஆண்டு முன்னால் கேன்வாஸ் சுமந்துபோன எத்ரத்தா பிள்ளைகள் அந்தக் கூடத்துக்கு வந்திருந்தால், இதில் வியக்க என்ன இருக்கிறது என்று கேட்டிருப்பார்கள்.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. வைக்கோற்போரும் பின்னாளில் அவர் வரைந்த ரூவான் தேவாலயமும் ஓவியரின் மேல் பாய்ந்து வருவதில்லை. நவம்பர் 27-இல் பட்ட அடிக்குப் பிறகு மொனே கடலை விட்டுவிட்டு அந்தச் சாதுவான பொருள்களுக்கு நேரே போயிருந்தால் புரிந்துகொள்ளலாம். அவர் செய்தது நேர்மாறு. 1886 செப்டம்பரில், எத்ரத்தாவைவிட முரட்டுத்தனமான கடலைத் தேடி, அட்லாண்டிக்கில் இருக்கும் பெல்-ஈல் என்ற தீவுக்குப் படகேறினார். அங்கே பாறைகள் வெள்ளை இல்லை, கறுப்பு. புயலில் ஓவியத் தாங்கியைக் கயிற்றால் கட்டிவைத்து வரைந்த அந்த நாள்களை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)